இடது பின்டயர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஓட்டோ தரிப்பில் சவாரி இல்லாத நேரத்தில் யாராவது ஒருவன் மிஸ்ஸியின் கதையை எடுப்பான். புருஷன் செத்துப்போன காரையே திருத்தி எடுத்து ஓட்டிய பொம்பளை, நடுரோட்டில் ஒரு பெரிய மனுஷனை மறித்து நின்ற பைத்தியம் என்று சொல்லிச் சிரிப்பான். நான் எழுந்து போய்விடுவேன். சில நாள் போக முடியாமல் வாயைத் திறந்துவிடுவேன். அப்புறம் சண்டைதான். இதை எழுத உட்கார்ந்ததும் அந்தக் கோபத்தில்தான். சிரிக்கிறவர்களில் ஒருவனும் அவரோடு ஒரு மைல் தூரம்கூடப் போனவனில்லை. நான் பல வருஷம் அவரை என் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு திரிந்தவன்.

தோட்டங்களில் மருத்துவிச்சியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. எங்களுக்கு அவர் மிஸ்ஸி, அவ்வளவுதான். குட்டையான உருவம். வேகமான நடை. ஒரு கையில் கறுப்புப் பை, மறு கையில் குடை. ஓட்டோவில் ஒருநாளும் சாய்ந்து உட்காரமாட்டார். சீட்டின் நுனியில் இருந்துகொண்டு, முன்னாலிருக்கும் கம்பியைப் பிடித்தபடி, என் தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்துக்கொண்டே வருவார். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடும். அவருக்குச் சத்தம் குறையும். குறையக் குறைய எதிரில் நிற்கிறவன் நடுங்குவான்.

அந்தக் குறைந்த சத்தத்தில் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "யார் சொன்னது?"

ஒரு முறை மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நிறைமாசக்காரப் பெண் ஒருத்தி கால் இரண்டும் வீங்கி, கண் இருட்டிக் கிடந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வேண்டும். என் ஓட்டோவில் படுக்க வைக்க முடியாது. லொறி தர முடியாதென்று துரை சொல்லிவிட்டார் என்றான் அவள் புருஷன்.

"யார் சொன்னது?"

"கங்காணி சொன்னாருங்க மிஸ்ஸி."

மிஸ்ஸி கங்காணி வீட்டுக்குப் போனார். கங்காணி, கிளாக்கர் ஐயா சொன்னார் என்றார். மிஸ்ஸி மழையில் ஆபிசுக்கு ஏறினார். கிளாக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "தொரை ஒத்துக்க மாட்டாருங்க மிஸ்ஸி," என்றார்.

"கேட்டீங்களா?"

"கேக்காட்டியும் தெரியுந்தானே."

மிஸ்ஸி பங்களாவுக்குப் போனார். துரை தேநீர்க் கோப்பையும் கையுமாக வெளியே வந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. லொறி உடனே வந்தது. அந்தப் பெண்ணும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண்ணை ஏற்றிவிட்டு மிஸ்ஸி திரும்பவும் ஆபிசுக்குள் போனார். நான் வாசலில் நின்றேன்.

"நீங்க கேக்காத கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. அதத் தூக்கித் தொரை தலையில வச்சிட்டீங்க," என்றார். அந்தச் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அந்தப் புள்ள செத்திருந்தா தொரைதான் கொன்னாருன்னு மொதல் ஆளா சொல்லியிருப்பீங்க. ஒங்களுக்கு ராத்திரி தூக்கமும் வந்திருக்கும்."

கிளாக்கர் அதற்குப் பிறகு மிஸ்ஸி வருகிற நாளில் ஆபிஸ் கதவைச் சாத்தி வைத்துக்கொள்வார் என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த புருஷன் நேர் எதிரான மனுஷர். நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தார். நாங்கள் அவரை ஐயா என்போம். கொழுந்து வாடுவதிலிருந்து தூளாகப் பெட்டியில் விழும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. எதைச் சொன்னாலும் சிரிப்பார். "பாத்துக்கலாம்மா," என்பார். மிஸ்ஸி திட்டும்போதும் சிரித்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் போய்விடுவார். அந்தக் கொட்டகையில்தான் கார் நின்றது.

இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், துணிக் கூரை, இரண்டே இருக்கை. என் அப்பா பிறந்த காலத்து வண்டி. முன்னொரு காலத்துத் துரை விட்டுப்போய், பங்களாப் பின்புறத்தில் கோழி முட்டையிடுகிற இடமாகக் கிடந்ததை ஐயா கேட்டு வாங்கிக்கொண்டார். டிக்கோயாவில் ஒரு சிங்கள பாஸ் இருந்தார். மெக்கானிக்கை நாங்கள் பாஸ் என்போம். ஐயாவும் பாஸும் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அந்த வண்டிக்கடியில் படுத்தே கழித்தார்கள். கடைசியில் அது ஓடியது. ஊருக்கே வேடிக்கையாக இருந்தது.

மிஸ்ஸிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது.

"வாம்மா, ஒரு சுத்து போயிட்டு வருவோம்," என்று ஐயா கூப்பிடுவார்.

"ரெண்டு பேரு போற வண்டில மகள எங்க வைக்கிறது? கூரைலயா?"

"நீ மட்டும் வாயேன்."

"எனக்கு வேல இருக்கு."

அந்தக் காரில் அவர் ஒருநாளும் ஏறவில்லை. மகளும் தாயைப் பார்த்து ஏறவில்லை. ஐயா தனியாகத்தான் போவார், வருவார்.

ஒரு வருஷம் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்குக் காரை எடுத்துப் போனார். பழைய கார் வைத்திருக்கிற கொழும்பு ஆட்கள் பலர் வந்திருந்தார்களாம். ஐயாவின் காரில் அந்தக் காலத்து மெல்லிய கம்பி வீல்தான் இருந்தது. டயரும் ஒடுக்கம். பின்னாலிருந்து பார்த்தால் சைக்கிள் மாதிரி இருக்கிறதென்று யாரோ ஒருவன் சிரித்திருக்கிறான். ஒருவன் சிரித்தான் என்பதற்காக அந்த மனுஷர் வீட்டுக்கு வந்ததும் டயர் டயர் என்று புலம்பத் தொடங்கிவிட்டார். எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

ஹட்டனில் ஒரு டயர் கடை. முதலாளி வெள்ளைச் சட்டைக்காரர், கோயில் திருவிழாவில் முன் வரிசையில் நிற்கிறவர். ஐயா பழைய பின்வீல்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக என் ஓட்டோவைக் கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். கார் கடைக்கு முன்னால், இடது பக்கம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. பழைய டயர் நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் அகலம். முதலாளி போட்டது இருநூற்று ஐந்து. ரிம்மும் வெள்ளியாகப் பளபளக்கிற அகல ரிம். பழையதைவிட வெளியே தள்ளி நின்றது. போட்டு முடிந்ததும், இது சரியாக இருக்குமா என்று ஐயா கேட்க, முதலாளி வலது பக்கம் குனிந்து, டயருக்கும் அதை மூடி நிற்கிற மட்காட் தகட்டின் ஓரத்துக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"வெரல் போகுது சேர். போதும். அகல டயரு ரோட்டப் பேய் மாதிரி புடிக்கும். ஒன்னும் ஆகாது."

இடது பக்கம் யாரும் பார்க்கவில்லை. சுவர் இருந்தது, பார்க்க இடமில்லை.

வீட்டில் மிஸ்ஸி வாசலுக்கு வந்து பின்னால் பிதுங்கி நின்ற டயர்களைப் பார்த்தார்.

"இது சரின்னு யார் சொன்னது?"

"கடையில சொன்னாங்க."

"விக்கிறவரு வேற என்ன சொல்லுவாரு?"

"பாத்துக்கலாம்மா," என்று ஐயா சிரித்தார். மிஸ்ஸி உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு சமையல் காஸுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. எங்கள் ஓட்டோக்களுக்குப் பெட்ரோல் இல்லை. தோட்டத்து வீடுகளில் விறகு புகைந்தது. ஐயா காரில் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருந்தார். ஹட்டனில் காஸ் வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போய், வரிசையில் நின்று, ஒரு சிலிண்டரும் அரிசி மூட்டையும் கோதுமை மா மூட்டையும் வாங்கி இருக்கைக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டு பின்னேரம் திரும்பியிருக்கிறார். மழை. நோர்வூட்டுக்கு முன்னால் வலது பக்கமாக மடங்குகிற வளைவு ஒன்று இருக்கிறது. இடது பக்கம் பள்ளம், தேயிலை. அங்கே கார் நேராக இடது பக்கம் போய்ப் பள்ளத்தில் இறங்கியது. மதகுக் கல்லில் மோதி ஐயா அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். சிலிண்டர் உருண்டுபோய்த் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது.

சாவு வீட்டில் மிஸ்ஸி அழவில்லை. அதையும் ஊர் பேசியது. ஆனால் ஊர் அதிகம் பேசியது வேறு. ஐயா குடித்திருந்தார் என்று பேசியது. காஸ் கிடைத்த சந்தோஷத்தில் போட்டிருப்பார், நல்லாப் போட்டிருப்பார். அந்த மனுஷர் தீபாவளிக்குக்கூடத் தொடமாட்டார். பள்ளிக்கூடத்தில் மகளை, குடிகாரன் மகள் என்று பிள்ளைகள் சொல்ல, அவள் புத்தகப் பையை எறிந்துவிட்டு இனிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

கருமாதி முடிந்த மறுநாள் மிஸ்ஸி எங்கள் தரிப்புக்கு வந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை. என் பக்கத்தில் நின்ற ஒருவனைப் பார்த்து, "எம் புருஷன் குடிச்சிருந்தாருன்னு நீ சொன்னியாம். யார் சொன்னது?" என்றார்.

அவன் தலையைச் சொறிந்தான். தேநீர்க் கடையில் கேட்டேன் என்றான். மிஸ்ஸி தேநீர்க் கடைக்குப் போனார். அவன் மருந்துக் கடைக்காரனைச் சொன்னான். நான் ஓட்டோவைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். அவர் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு படியிலும் ஏறி அதே கேள்வியைக் கேட்டார், பதிலை வாங்கிக்கொண்டு இறங்கினார். எச்சில் இலை மாதிரி ஆளுக்கு ஆள் அந்தப் பேச்சை அடுத்தவன் பக்கம் தள்ளினார்கள். கடைசியில் மருந்துக் கடைக்காரன் சொன்னான்:

"டயர் கட மொதலாளிதாங்க மிஸ்ஸி சொன்னாரு. அன்னிக்கிப் பின்னேரமே சொன்னாரு. ஐயா போட்டிருப்பாரு, இல்லாட்டி தெரிஞ்ச ரோட்டுல எப்புடி விழுவாருன்னு."

மிஸ்ஸி படியிலேயே நின்றுவிட்டார்.

"அன்னிக்கிப் பின்னேரம் அவரு ஒடம்பு ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. நானே இன்னும் மொகத்தப் பாக்கல," என்று என்னிடம் சொன்னார். "இந்த மனுஷனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?"

அங்கிருந்து நேரே டிக்கோயாவுக்குப் போகச் சொன்னார். கார் பாஸின் கராஜில் கிடந்தது. இடது பக்கம் நசுங்கிப்போயிருந்தது. பின் மட்காட்டில் மட்டும் அவ்வளவு அடியில்லை. பாஸ் எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்கும் மனம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. "மிஸ்ஸி, மே பலன்ன, இதப் பாருங்க," என்று இடது பின்வீலுக்குப் பக்கத்தில் குந்தினார்.

டயரின் வெளிச்சுவரில் சுற்றிவர ஒரே கோடாக வெட்டு. மட்காட்டின் உள் ஓரம் தேய்ந்து பளபளத்தது. அதில் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது.

பாஸ் பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக விளக்கினார். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் உடம்பு அச்சுக்கு நேர் நடுவில் உட்கார்ந்திருக்காது. கொஞ்சம் ஒரு பக்கமாக இருக்கும். இந்தக் காரில் இடது பக்கம் இடைவெளி குறைவு. ஒடுக்கமான டயர் இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. அகல டயர் போட்டும், ஒருவர் மட்டும் ஓட்டிப் போனால் தட்டாது. பின்னால் பாரம் ஏற்றி வலது பக்கமாகத் திருப்பினால் உடம்பு இடது பக்கம் சாய்ந்து இறங்கும். மட்காட் ஓரம் கத்தி மாதிரி டயரில் இறங்கும். வளைவுக்கு வளைவு அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. கடைசி வளைவில் வெடித்திருக்கிறது.

மிஸ்ஸி வலது பக்கத்துக்குப் போய் விரலை விட்டுப் பார்த்தார். போனது. இடது பக்கம் வந்தார். நகம்கூடப் போகவில்லை.

"எந்தப் பக்கம் பாத்தாரு அவரு?" என்று என்னைக் கேட்டார். நான் அன்று கடையில் பார்த்ததைச் சொன்னேன். சுவரைப் பற்றியும் சொன்னேன்.

"வண்டிய ஒரு முழம் தள்ளி நிறுத்தியிருந்தா போதும்," என்றார். சத்தம் காற்றாகப் போய்விட்டது.

அன்றே அந்த வெடித்த டயரை என் ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனோம். மிஸ்ஸி அதை உருட்டிக்கொண்டே உள்ளே போய் முதலாளியின் மேசையில் சாய்த்து வைத்தார். முதலாளி எழும்பவில்லை.

"ஒங்க கஷ்டம் வெளங்குதும்மா. ஆனா ஐயா கேட்டதத்தானே நான் போட்டேன்."

"அவரு அழகா இருக்கணும்னு கேட்டாரு. சரியா இருக்குமான்னும் கேட்டாரு. ரெண்டாவதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"அகல டயருன்னா ரோட்ட நல்லா புடிக்கும். அது ஒலகத்துக்கே தெரியும்."

"ஒலகத்த விடுங்க. இடது பக்கம் பாத்தீங்களா?"

முதலாளி மேசையில் எதையோ நகர்த்தினார். "பள்ளத்துல விழுந்தப்போ வெட்டியிருக்கும். கல்லு கில்லு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போப்பா. மனசு சரியில்ல," என்றார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. மிஸ்ஸி என்னைப் பார்க்கவேயில்லை. டயரை உருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதன்பிறகுதான் அந்தக் காரைத் திருத்தச் சொன்னார். ஊருக்கு அது விளங்கவில்லை. பாஸுக்கு விளங்கியது. மாசக்கணக்காக வேலை நடந்தது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த மிஸ்ஸி, பாஸிடம் கார் ஓட்டவும் பழகினார். தோட்டத்து மைதானத்தில் அவர் கியரோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலை முடிந்ததும் ஆட்கள் வந்து நிற்பார்கள். அவர் ஒருவரையும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

பின்டயர் எந்த அளவு போடுவது என்பதில்தான் பாஸோடு பெரிய வாக்குவாதம். பழைய மெல்லிய கம்பி வீல் வீட்டில் பத்திரமாக இருந்தது. அந்த வீலுக்கு நடுத்தரமாக நூற்று எண்பத்தைந்து போடலாம், எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள், உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றார் பாஸ். தேவையென்றால் மட்காட் ஓரத்தை உள்ளுக்கு மடித்துத் தட்டிவிடலாம்.

"டயருக்குத் தக்கன வண்டிய வெட்டுறதா? வண்டிக்குத் தக்கன டயரப் போடுங்க பாஸ்."

"எல்லாரும் செய்றது மிஸ்ஸி."

"யார் சொன்னது? இந்த வண்டில, பின்னால மூட்டைய ஏத்தி, இந்த ரோட்டுல யாரு ஓட்டிப் பாத்தது?"

பாஸ் பெருமூச்சு விட்டு நூற்று எண்பத்தைந்தைப் போட்டார். இடது மட்காட்டின் உள் ஓரத்தில் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினார். பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கி, என்னை இடது இருக்கையில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் வலதும் இடதுமாக வளைத்து வளைத்து ஓட்டினார். திரும்பி வந்து பார்த்தால் டயரின் தோளில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

"டிக்கக் தமாய். கொஞ்சந்தான் மிஸ்ஸி."

"கொஞ்சம்னா எவ்வளவு பாஸ்? ஹட்டன்லருந்து நோர்வூட்டுக்கு எத்தன வளைவு? ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சம்னா வீட்டுக்கு வரும்போது என்ன மிச்சமிருக்கும்?"

நூற்று அறுபத்தைந்தே போடுவதென்று முடிவானது. வண்டி பிறந்தபோது இருந்த அளவு. பழைய டயர்கள் தேய்ந்துபோயிருந்தன. ஹட்டனில் புதிதாக அது இல்லை. அந்த அளவா, அது சின்ன வானுக்குப் போடுகிற டயர் ஆச்சே, ஸ்போர்ட்ஸ் காருக்கா என்று கடைக்குக் கடை சிரித்தார்கள். கடைசியில் கொழும்பிலிருந்து ரயிலில் பார்சலாக வந்தது. போட்டு, சுண்ணாம்பு தடவி, அதே மூட்டைகளை ஏற்றி ஓட்டினோம். டயர் கறுப்பாகவே திரும்பி வந்தது.

"சரி," என்றார் மிஸ்ஸி. "இதக் கழட்டி வைங்க. அந்த அகல வீலப் போடுங்க."

பாஸும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வெடித்த டயருக்குப் பதிலாக அதே அளவில் புதிய டயர் ஒன்றை அதே கடையிலிருந்து நான்தான் வாங்கி வந்தேன். யாருக்கென்று முதலாளி கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, சந்தைக்கு வந்த சனம் ரோட்டில் நிறைந்திருந்த நேரம். மிஸ்ஸி தனியாக, மெதுவாகக் காரை ஓட்டி வந்து டயர் கடைக்கு முன்னால் நிறுத்தினார். நானும் பாஸும் ஓட்டோவில் பின்னால் வந்து, நிறைந்த காஸ் சிலிண்டர் ஒன்றையும் இரண்டு மூட்டைகளையும் தூக்கிக் காரின் பின்னால் வைத்தோம். மிஸ்ஸி இறங்கி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, வெளிய வாங்க."

முதலாளி வந்தார். காரைக் கண்டதும் முகம் மாறியது.

"ஒங்க டயருதான். ஒங்க ரிம்முதான். எம் புருஷன் ஏத்தின பாரந்தான் பின்னால இருக்கு. ஏறுங்க. நோர்வூட் வளைவு வரைக்கும் போயிட்டு வருவோம்."

சனம் கூடியது. எங்கள் தரிப்பு ஆட்கள், தேநீர்க் கடைக்காரன், மருந்துக் கடைக்காரன் எல்லோரும் வந்துவிட்டார்கள். பின்னால் பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது.

"என்னம்மா இது, ரோட்டுல வச்சு?"

"நான் குடிக்கல. பகல் நேரம். மழையும் இல்ல. ஒன்னும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஏறுங்க."

"எனக்குக் கடையில வேல இருக்கு."

"நானே ஓட்டணும்னு இல்ல. நீங்க ஓட்டுங்க. நான் இந்தப் பக்கம் ஒக்காருறேன். சாவி இந்தாங்க."

சாவியை நீட்டினார். முதலாளி அதைப் பார்த்தார். இடது பின்டயரைப் பார்த்தார். பாரம் ஏறியதில் மட்காட் அதன்மேல் கிட்டத்தட்ட உட்கார்ந்திருந்தது. அவர் கண் அங்கேயே நின்றதை நான் பார்த்தேன். அங்கே நின்ற எல்லோரும் பார்த்தார்கள். சாவியை வாங்க அவர் கை எழவில்லை. ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். கடைப் படியில் கால் தட்டியது.

மிஸ்ஸி கதவைச் சாத்தினார். முதல் தடவையாக அவர் சத்தம் உயர்ந்ததைக் கேட்டேன். ரோட்டின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"அப்போ எம் புருஷன் குடிச்சிட்டு விழல!"

போலீஸ்காரர் ஒருவர் வந்து, பாதையை மறிக்க வேண்டாமென்று சிங்களத்தில் சொன்னார். மிஸ்ஸி சிங்களத்திலேயே சரியென்று சொல்லிவிட்டு, எங்களை மூட்டையையும் சிலிண்டரையும் இறக்கச் சொல்லி, வந்த மாதிரியே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கடை நடக்கிறது. திருவிழாவில் முன் வரிசையில்தான் நிற்கிறார். அன்று பின்னேரமே நம் ஆட்கள், என்ன இருந்தாலும் ஒரு பொம்பளை நடுரோட்டில் இப்படிச் செய்யலாமா என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மனுஷன் பொய் சொன்னது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. அதை உரக்கச் சொன்ன சத்தம்தான் பெரிதாகப் பட்டது. ஆனால் குடித்துவிட்டு விழுந்தார் என்று அதற்குப் பிறகு ஒருவனும் சொல்லவில்லை. மகள் பள்ளிக்கூடம் போனாள்.

ஒடுக்கமான டயரைத் திரும்பப் போட்ட மறுவாரம் மிஸ்ஸி என்னை இடது இருக்கையில் ஏற்றிக்கொண்டு, அதே பாரத்தோடு அந்த வளைவுக்குப் போனார். தூறல் விழுந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். வளைவில் கார் வலது பக்கமாகத் திரும்பியது, உடம்பு என் பக்கம் சாய்ந்தது. நான் காதைத் தீட்டிக் கேட்டேன். ரோட்டில் தண்ணீர் சிதறும் சத்தம் மட்டும்தான். அந்தப் பக்கம் போய் ஓரமாக நிறுத்தி இறங்கினார். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையால் காரின் எஞ்சின் மூடியில் ஓங்கி அடித்தார்.

"எத்தன தடவ கூப்புட்டீங்க! நான் வேல இருக்குன்னா விட்டுர்றதா? கையப் புடிச்சு இழுத்து ஏத்தியிருக்க வேணாமா? நான் ஒரு நாள் ஒக்காந்திருந்தா, மூட்டையும் வச்சுக்கிட்டு ரெண்டு பேருமா சந்தைக்கு ஒரு தடவ போயிருந்தா, அன்னிக்கே தட்டியிருக்குமே. அன்னிக்கே சத்தம் கேட்டிருக்குமே! காஸ் எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பினதும் நான். நீங்க சிரிச்சுக்கிட்டே போனீங்க."

இன்னொரு அடி அடித்தார். குடை வளைந்துவிட்டது. நான் மறுபக்கம் திரும்பித் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏறு தம்பி. நனையாத," என்றார். கண்ணைத் துடைக்கவில்லை. மழைதான் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

திரும்பி கராஜுக்கு வந்ததும் அவர் கண்ணில் என் ஓட்டோ பட்டது. பின்டயர் வழுக்கை விழுந்து நூல் தெரிந்தது.

"இது என்னா?"

"இன்னும் கொஞ்ச நாள் ஓடும் மிஸ்ஸி."

என் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முன்னால் அந்தப் பச்சைக் கார் வந்து நின்றது. லயமே வெளியில் வந்து பார்த்தது. மிஸ்ஸி என்னிடம் பேசவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டார்.

"இவன் வண்டில ஒரு நாளாச்சும் பின்னால ஒக்காந்து போயிருக்கியா?"

"இல்லீங்க மிஸ்ஸி. எனக்கு எங்க நேரம்."

"நேரத்த எடு. வாரத்துல ஒரு நாள் ஏறிப் போ. போறதுக்கு முந்தி எறங்கிச் சுத்திப் பாரு. ஒனக்கு டயரப் பத்தி ஒன்னும் தெரிய வேணாம். இது ஏன் இப்புடி இருக்குன்னு கேளு, போதும். இவன் சிரிச்சான்னா விடாத."

சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். லயத்துச் சனத்துக்கு முன்னால் என்னைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டாரென்று எனக்கு வந்த கோபம் பல நாள் ஆறவில்லை. டயரை மாற்றினேன். மிஸ்ஸி பிறகு பதுளைப் பக்கம் மாற்றலாகிப் போனார். காரையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். நான் அவரைப் பிறகு பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டோவைச் சுற்றி வருகிறாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, டயரை விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாள். லயத்தில் பக்கத்து அறையான காம்பிராக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஆனாலும் அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் ஏறும்வரை நான் சாவியைத் திருப்புவதில்லை.